சீருடைக்குள் இழைத்த தீங்கும் சீரமைப்பு நீதியும்

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ‘லூவின்’ என்ற கடற்படைப் பயிற்சி நிலையம் இருந்தது. 1960 முதல் 1984 வரை, பதினைந்து பதினாறு வயதுப் பையன்கள் அங்கேதான் கடற்படை வாழ்க்கையைத் தொடங்கினார்கள். முந்தைய அணியில் சேர்ந்தவர்கள் புதிதாக வந்தவர்களை அடிப்பதும் அவமானப்படுத்துவதும் அங்கே நடந்தது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களும் உண்டு. 1971இல் விஷயம் பத்திரிகைகளுக்கு வந்து, ட்ரெவர் ரேப்கி என்ற நீதிபதி விசாரணை நடத்தினார். அதன் பிறகும் பெரும்பாலானவர்கள் வாய் திறக்கவில்லை. மனைவியிடம்கூடச் சொல்லாமல் நாற்பது வருடம் சுமந்தவர்கள் இருக்கிறார்கள்.

அறுபது வயதைத் தாண்டிய அப்படிப்பட்ட ஒருவர் இன்று எழுந்து நின்று நீதி கேட்டால், ராணுவச் சட்டத்தால் அவருக்கு எதைத் தர முடியும்? அடித்தவர் இறந்திருக்கலாம், சாட்சிகள் எங்கெங்கோ சிதறியிருக்கலாம். ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்ற அளவுகோலை இத்தகைய வழக்குகளில் பெரும்பாலானவற்றால் எட்ட முடியாது. வழக்கைத் தொடுக்கவே முடியாத இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களை முன்னிட்டுத்தான் ஆஸ்திரேலியா ஒரு புது வழியைத் தேடியது. ராணுவக் குற்றங்களில் சீரமைப்பு நீதி எப்படி இயங்கும், எங்கே உடையும் என்று புரிந்துகொள்ள அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் சீரமைப்பு நீதி என்றால் என்ன என்று பார்ப்போம். வழக்கமான குற்றவியல் நீதிமன்றம் மூன்று விஷயங்களைத் தேடுகிறது: எந்தச் சட்டம் மீறப்பட்டது, மீறியவர் யார், அவருக்கு என்ன தண்டனை. இதில் பாதிக்கப்பட்டவர் ஒரு சாட்சி மட்டுமே. கூண்டில் ஏறிக் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு இறங்கிவிட வேண்டும். சீரமைப்பு நீதியோ அவரிடமிருந்து தொடங்குகிறது. யாருக்கு என்ன தீங்கு நேர்ந்தது, அவருக்கு இப்போது என்ன தேவை, அதை நிறைவேற்றும் கடமை யாருடையது என்று கேட்கிறது. தீங்கு செய்தவர், அதை அனுபவித்தவர், இருவருக்கும் நெருக்கமானவர்கள், பயிற்சி பெற்ற நெறியாளர் ஒருவர் என எல்லோரும் ஓர் அறையில் அமர்ந்து பேசுகிறார்கள். நடந்ததை ஒப்புக்கொள்வது, மன்னிப்புக் கேட்பது, இழப்பை ஈடுசெய்வது, மறுபடி நடக்காமல் இருக்க என்ன செய்வது என்பதெல்லாம் அங்கே முடிவாகும்.

1974இல் கனடாவின் எல்மைரா ஊரில் குடிபோதையில் வீடுகளையும் கார்களையும் சேதப்படுத்திய இரண்டு இளைஞர்களை, பாதிக்கப்பட்டவர்களின் வீட்டுக்கே போய் முகம் பார்த்துப் பேச வைத்தார்கள். இக்காலச் சீரமைப்பு நீதியின் தொடக்கமாக அதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். 1989இல் நியூசிலாந்து, சிறார் குற்றங்களுக்குக் குடும்பக் கூட்டத்தைச் சட்டமாகவே கொண்டுவந்தது. அந்த முறை ஆஸ்திரேலியாவின் வாகா வாகா நகருக்கு வந்தபோது கூட்டங்களை நடத்தியவர்கள் சீருடை அணிந்த போலீஸ்காரர்கள். 1990களின் பிற்பாதியில் கான்பெராவில் போலீசும் ஆய்வாளர்களும் சேர்ந்து இதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். சீருடைக்கும் இந்த முறைக்கும் பொருந்தாது என்று சொல்பவர்களுக்கு இந்த வரலாறு ஒரு பதில்.

கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜான் பிரெய்த்வெயிட், 1989இல் குற்றமும் அவமானமும் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர் வாதம் எளிது. செய்த செயலைக் கண்டித்துவிட்டு ஆளைத் திரும்பச் சேர்த்துக்கொள்கிற சமூகத்தில் குற்றம் குறையும். ஆளையே கறைபடுத்தி வெளியே தள்ளுகிற சமூகத்தில் கூடும். ராணுவத்துக்கு இதைவிடப் பொருத்தமான சிந்தனை கிடையாது என்பேன். தவறு செய்தவனும் அதற்கு ஆளானவனும் மறுநாள் காலை ஒரே அணியில் நிற்க வேண்டிய இடம் அது. போர்முனைக்குப் போனால் ஒருவன் உயிர் மற்றவன் கையில் இருக்கும்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? அமெரிக்க ராணுவத்தில் நடப்பதாக ஒரு கற்பனை நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். பேரக்ஸ் அறையில் ஒரு வீரன் குடித்துவிட்டு, கூட இருப்பவனின் லேப்டாப்பைத் தரையில் அடித்து உடைக்கிறான். அவன் இனத்தைச் சொல்லி இழிவாகத் திட்டுகிறான். இவ்வளவு சின்ன விஷயம் ராணுவ நீதிமன்றம் வரை போகாது. ஒருங்கிணைந்த ராணுவ நீதிச் சட்டத்தின் 15ஆவது பிரிவின்படி கமாண்டரே நேரடியாகத் தண்டிப்பார். கூடுதல் வேலை, முகாமை விட்டு வெளியே போகத் தடை, சம்பளப் பிடித்தம், பதவி இறக்கம் இவற்றில் ஒன்றோ பலவோ. பிடித்த சம்பளம் அரசுக் கணக்குக்குப் போகும். லேப்டாப்பைப் பறிகொடுத்தவனுக்கு அதில் ஒரு காசும் வராது. பெரிய குற்றமாகி ராணுவ நீதிமன்றம் வரை போனாலும் கதை இதுதான். சிறைத்தண்டனை, பணிநீக்கம் என்று கடுமையாகத் தீர்ப்புச் சொல்லும் அந்த நீதிமன்றத்துக்கு, பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடு என்று தண்டனையாக உத்தரவிடும் அதிகாரம் இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு உடன்படிக்கை செய்துகொள்ளும்போது, குற்றம் சாட்டப்பட்டவர் தானாக முன்வந்து இழப்பீடு தர வாக்களிக்கலாம், அவ்வளவுதான்.

அதே சட்டத்தில் அதிகம் பேசப்படாத 139ஆவது பிரிவு ஒன்று உண்டு. வேண்டுமென்றே பொருளைச் சேதப்படுத்தினாலோ பறித்தாலோ, விசாரித்து மதிப்பிட்டு, செய்தவரின் சம்பளத்திலிருந்து பிடித்துப் பாதிக்கப்பட்டவரிடம் கொடுக்கலாம். சாதாரணமாக 90 நாட்களுக்குள் கோர வேண்டும். லேப்டாப்புக்கு இதில் வழி இருக்கிறது. சீரமைப்பு நீதியின் ஒரு கால் ஏற்கனவே ராணுவச் சட்டத்துக்குள் ஊன்றியிருக்கிறது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஆனால் அந்த வசைக்கு? பணம் கைக்கு வந்த பிறகும் அவன் அதே அறையில்தான் தூங்க வேண்டும், சாப்பாட்டு வரிசையில் அதே ஆளின் பின்னால்தான் நிற்க வேண்டும். அறையில் இருந்த மற்ற இருவர் அன்று இரவு சிரித்தார்களா, சும்மா இருந்தார்களா என்பது அவனுக்கு லேப்டாப்பைவிடப் பெரிய விஷயமாக இருக்கலாம். தண்டனை உத்தரவில் இதற்கெல்லாம் இடமில்லை. வேறு பிரிவிலிருந்து வரும் நெறியாளர் முன்னிலையில் அந்த நாலு பேரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால் இடம் இருக்கும். திட்டியவன் தான் சொன்ன வார்த்தை எங்கே போய்த் தைத்தது என்று முதல் தடவையாகக் கேட்பான். சிரித்தவர்களும் கேட்பார்கள். 15ஆவது பிரிவின் தண்டனையை நீக்கவே வேண்டாம். அதோடு இதையும் சேர்த்தால் போதும்.

இனி ஆஸ்திரேலியாவுக்கு வருவோம். 2011இல் கான்பெராவிலுள்ள பாதுகாப்புப் படை அகாடமியில், பதினெட்டு வயதுப் பயிற்சி மாணவி ஒருவர் சக மாணவனோடு விருப்பப்பட்டு இருந்ததை, அவருக்குத் தெரியாமல் ஸ்கைப் வழியாக இன்னோர் அறையில் சிலர் பார்த்தார்கள். அவர் ஊடகத்திடம் போனார். நாடே அதிர்ந்தது. ‘டிஎல்ஏ பைபர்’ என்ற சட்ட நிறுவனத்தை அரசு விசாரிக்கச் சொன்னதும், பல பத்தாண்டுகளுக்கு முந்தைய புகார்கள் வந்து குவிந்தன. 2012 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சர் ஸ்டீபன் ஸ்மித் மன்னிப்புக் கேட்டார், முப்படைத் தலைவர் டேவிட் ஹர்லியும் கேட்டார். முன்னாள் நீதிபதி லென் ராபர்ட்ஸ்-ஸ்மித் தலைமையில், ராணுவ முறைகேடுகளைக் கவனிக்கத் தனிப் பணிக்குழு அமைந்தது. 2013 மே 31க்குள் ஏறத்தாழ 2,400 புகார்கள் வந்தன. லூவின் பையன்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். அந்த நிலையத்தைப் பற்றித் தனி அறிக்கையே வெளியாயிற்று.

பணிக்குழு இரண்டு தடைகளை உடைத்தது. ஒன்று, நிரூபணம். நடந்ததாகச் சொல்வது நம்பத்தக்கதா என்று மட்டும் பார்த்தார்கள். யாரையும் சிறைக்கு அனுப்பப் போவதில்லை என்பதால் அந்த அளவுகோல் போதும். இரண்டாவது, ஒரே கதவின் பின்னால் எல்லோரையும் நிறுத்தவில்லை. ஆலோசனைச் சிகிச்சை, 50,000 ஆஸ்திரேலிய டாலர் வரை ஈட்டுத்தொகை, போலீசுக்குப் பரிந்துரை, ஒழுங்கு நடவடிக்கைக்காக முப்படைத் தலைவருக்குப் பரிந்துரை, சீரமைப்புச் சந்திப்பு என்று ஐந்து வழிகள். எது வேண்டும், எத்தனை வேண்டும் என்று சொல்ல வேண்டியவர் பாதிக்கப்பட்டவர்.

அந்தச் சந்திப்பில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது, தீங்கு செய்தவர் அங்கே இல்லை என்பது. அவர் நாற்காலியில் ராணுவம் உட்கார்ந்தது. நிறுவனத்தின் சார்பில் ஒரு மூத்த அதிகாரி, சில சமயம் ஜெனரல் அல்லது அட்மிரல், பயிற்சி பெற்று வருவார். நெறியாளர் ராணுவத்தைச் சாராதவர். சந்திப்புக்கு முன்பே பாதிக்கப்பட்டவரோடு பேசி ஒவ்வொன்றையும் தயார்செய்வது அவர் வேலை. எங்கே சந்திப்பது, கூட யார் இருப்பது, எதைப் பேச வேண்டும், எதைத் தொடக் கூடாது என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவாகிவிடும். இவை சின்ன விஷயங்கள் அல்ல. சீருடையைப் பார்த்ததும் உடல் நடுங்குகிற ஒருவருக்கு எதிரே பதக்கங்களோடு ஒருவர் வந்து நின்றால், பேச்சு தொடங்கும் முன்பே முடிந்துவிடும். இன்னொருவருக்கோ அந்தச் சீருடையில் இருப்பவர் மன்னிப்புக் கேட்டால்தான் அது மன்னிப்பு.

அறைக்குள், பாதிக்கப்பட்டவர் தன் கதையைத் தன் வேகத்தில் சொல்வார். எதிரே இருக்கும் அதிகாரி குறுக்கு விசாரணை செய்யக் கூடாது. அந்தக் காலத்தில் அப்படித்தான் இருந்தது என்று சமாளிக்கவும் கூடாது. கேட்க வேண்டும்; கேட்டது உண்மை என்று ஏற்க வேண்டும்; நாங்கள் உன்னைக் காப்பாற்றியிருக்க வேண்டும், காப்பாற்றவில்லை என்று சொல்ல வேண்டும். பதினைந்து வயதில் புகார் கொடுக்கப் போய், காட்டிக்கொடுப்பவன் என்று பேர் வாங்கித் திரும்பிய ஒருவருக்கு, அந்த ஒரு வாக்கியம் எவ்வளவு என்பதை நாம் ஊகிக்கலாம். இந்தச் சந்திப்புகள் நூற்றுக்கணக்கில் நடந்தன. பணிக்குழு 2016இல் கலைந்த பின், அரசுத் துறைகள் மீதான புகார்களைக் கவனிக்கும் காமன்வெல்த் ஒம்புட்ஸ்மன் அலுவலகம் அதே பொறுப்பை ஏற்று நடத்தியது.

கேட்ட அதிகாரிகளுக்கும் இதில் ஒன்று நிகழ்கிறது. புள்ளிவிவர அறிக்கையாக மேசைக்கு வரும் விஷயம், எதிரே அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதராக வருகிறது. பயிற்சி முகாம்களை நடத்துபவரும் அடுத்த தலைமுறை அதிகாரிகளைத் தேர்ந்தெடுப்பவரும் கேட்ட அந்த அதிகாரியே. ராணுவத்தின் பழக்கவழக்கத்தை மாற்ற இதுவும் ஒரு வழி என்று பணிக்குழு கருதியது. நானும் அதை நம்புகிறேன்.

இனி ஆபத்துகள். ராணுவத்தில் சீரமைப்பு நீதிக்கு இருக்கும் மிகப் பெரிய எதிரி பதவி வரிசைதான். இந்த முறை முழுவதும் சம்மதத்தின் மேல் நிற்கிறது. எதிரே உட்காரமாட்டேன் என்று பாதிக்கப்பட்டவர் சொன்னால் அத்தோடு முடிந்துவிட வேண்டும். ஆனால் ராணுவம் கட்டளைக்குப் பழக்கப்பட்ட இடம். கமாண்டர் ஒருவர் சிப்பாயை அழைத்து, நீங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கிட்டா எல்லாருக்கும் நல்லது என்று அன்பாகச் சொன்னாலும், கேட்பவர் காதில் அது உத்தரவாகவே விழும். அடுத்த பதவி உயர்வு, விடுப்பு, பணியிடம் எல்லாம் அந்தக் கமாண்டர் கையில். இப்படி வாங்கும் சம்மதம் சம்மதமே அல்ல. அதனால்தான் நெறியாளர் அந்தக் கட்டளை வரிசைக்கு வெளியே இருக்க வேண்டும். மறுத்தவர் யார் என்பது கமாண்டருக்குத் தெரியவே கூடாது. தனக்குக் கீழுள்ளவரைத் தொந்தரவு செய்த மேலதிகாரியும் தொந்தரவுக்கு ஆளானவரும் நேருக்கு நேர் உட்காரும்போது பதவிப் பெயர் சொல்லி அழைப்பது, சல்யூட் அடிப்பது, அனுமதி கேட்டுப் பேசுவது எல்லாவற்றையும் வாசலுக்கு வெளியே விட்டுவிட வேண்டும். சொல்வது எளிது. பத்து வருடப் பழக்கம் ஒரு மணி நேரத்தில் போய்விடாது என்பதால், சில வழக்குகளில் நேரடிச் சந்திப்பே தகாது. கடிதமோ, ஆஸ்திரேலியா செய்ததுபோல நிறுவனத்தின் பிரதிநிதியோ போதும்.

அடுத்தது சட்டச் சிக்கல். அமெரிக்க ராணுவ நீதிச் சட்டத்தின் 31ஆவது பிரிவு, குற்றம் செய்ததாகச் சந்தேகிக்கப்படும் ஒருவரைக் கேள்வி கேட்கும் முன் அவருக்குள்ள உரிமைகளைச் சொல்ல வேண்டும் என்கிறது. சாதாரண குடிமக்களுக்கு 1966இல் மிராண்டா தீர்ப்பின் மூலம் கிடைத்த பாதுகாப்பு, வீரர்களுக்கு 1950ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. அப்படியிருக்க, வட்டமாக உட்கார்ந்த ஒரு கூட்டத்தில், என்ன நடந்தது என்று பணியிலுள்ள ஓர் அதிகாரி கேட்டால் அது விசாரணையா, உரையாடலா? மனம் திறந்து ஒப்புக்கொண்டதை மறுநாள் ராணுவ நீதிமன்றத்தில் சாட்சியமாக்கினால் யார் வாய் திறப்பார்கள்? வழக்கு முடிந்த பிறகோ, குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகோ சந்திப்பை வைப்பது பாதுகாப்பான வழி. அதற்கு முன்பே வைப்பதானால், அறையில் பேசியதை வெளியே பயன்படுத்த முடியாது என்று சட்டமே உறுதி கொடுக்க வேண்டும்.

அந்த உறுதியிலும் ஒரு முள் இருக்கிறது. தன்னைத் துன்புறுத்தியவர் இன்னும் பணியில் இருக்கிறார் என்று பாதிக்கப்பட்டவர் ரகசியச் சந்திப்பில் சொன்னால், கேட்ட ஜெனரல் என்ன செய்வது? ஆஸ்திரேலிய முறையில் சந்திப்பும் புகார்ப் பரிந்துரையும் தனித்தனி வழிகளாக இருந்தன. ஒன்றைத் தேர்ந்தெடுத்ததால் மற்றொன்று அடைபடவில்லை. அது சரியான ஏற்பாடு. பேச்சு, வழக்கை விழுங்கிவிடக் கூடாது.

பாலியல் குற்றங்களில் இந்தக் கவலை இன்னும் கூடுதல். 2021ஆம் ஆண்டு, விருப்பமில்லாத பாலியல் தீண்டலுக்கு ஆளான அமெரிக்க வீரர்கள் ஏறத்தாழ 36,000 பேர் என்று அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையே மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோர் புகாரே கொடுக்கவில்லை. கொடுத்த புகார்களையும் கமாண்டர்கள் மூடி மறைத்தார்கள் என்ற குற்றச்சாட்டு பல வருடங்களாக ஒலித்ததால்தான், 2023 டிசம்பர் முதல் இத்தகைய வழக்குகளைத் தொடுக்கும் முடிவை கமாண்டர்களிடமிருந்து எடுத்துத் தனி ராணுவ வழக்கறிஞர்களிடம் கொடுத்தார்கள். இந்தப் பின்னணியில் யாராவது சீரமைப்பு நீதி என்று பேச்செடுத்தால், பாதிக்கப்பட்ட பெண்களுக்குக் கேட்பது மறுபடியும் சமரசம் என்ற வார்த்தைதான். அவர்கள் பயம் நியாயமானது. ஆனால் வழக்குத் தொடுக்கச் சாட்சியம் போதவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு இன்று கையில் இருப்பது ஒரு கடிதம் மட்டுமே என்பதையும் மறக்கக் கூடாது. இந்த இடைவெளியைப் பார்த்துத்தான், ராணுவப் பாலியல் வழக்குகளை ஆராயும் ஆலோசனைக் குழுவிடம், சீரமைப்பு முறைகள் உதவுமா என்று பார்க்கும்படி அமெரிக்க நாடாளுமன்றம் கேட்டது. 2021இல் அமைந்த சுயேச்சை ஆய்வு ஆணையமும், நேச நாடுகள் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பரிகாரம் தேடிய முறைகளைப் படிக்கச் சொன்னது. என் கருத்து இது: தண்டனைக்குப் பதிலாக அல்ல, பாதிக்கப்பட்டவர் தாமாகக் கேட்டால் மட்டும், கேட்ட பிறகும் எந்த நிமிடமும் எழுந்து போகும் உரிமையோடு. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

கனடா தன் வழியில் போனது. ராணுவத்தில் பாலியல் அத்துமீறலுக்கு ஆளானவர்கள் சேர்ந்து தொடுத்த வழக்கு 2019இல் 90 கோடி கனடிய டாலர் வரையிலான உடன்படிக்கையில் முடிந்தது. ஏறத்தாழ 19,000 பேர் ஈடு கோரினார்கள். பணத்தோடு நிற்காமல், விரும்பியவர்கள் தம் அனுபவத்தை ராணுவத்தின் பிரதிநிதிகளிடம் நேரில் சொல்லும் சீரமைப்புத் திட்டத்தையும் அந்த உடன்படிக்கையிலேயே எழுதி வாங்கினார்கள். வழக்கறிஞர்கள் கேட்டு வாங்கியதால் அது தலைமையின் கருணையாக இல்லாமல் உரிமையாக நிற்கிறது. 2021 டிசம்பர் 13 அன்று பாதுகாப்பு அமைச்சர் அனிதா ஆனந்தும் முப்படைத் தலைவர் வெயின் அயரும் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள்.

ஆஸ்திரேலியாவில், ராணுவத்தினரின் தற்கொலைகளை ஆராய்ந்த அரச ஆணையம் 2024 செப்டம்பரில் இறுதி அறிக்கை தந்தது. சீரமைப்புச் சந்திப்புகள் தொடங்கிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அப்போதும் ராணுவத்துக்குள் நடக்கும் பாலியல் வன்முறையைத் தனியே விசாரிக்க வேண்டும் என்று அந்த ஆணையம் பரிந்துரைத்தது.